ஆயிலில் பால் காபி நிறம்: அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

கார்த்திகை மாதம், மழை விட்டிருந்த ஒரு காலை. மயிலாடுதுறையில் வீட்டு வாசலில் நின்ற காரின் பானெட்டைத் தூக்கி, ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகி எடுத்தேன். மூடியின் உட்பக்கம் முழுக்க வெளிர்மஞ்சளாக, மத்தில் ஒட்டிய வெண்ணெயைப் போல ஏதோ அப்பியிருந்தது. விரலால் வழித்தால் கையோடு வந்தது. பயந்துபோய் அப்படியே மூடியைப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அங்கிருந்தவர் மூடியைப் பார்த்தார். "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு சார், ஹெட்டை இறக்கணும்" என்றார். என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவே, ஆயிலும் கூலன்ட்டும் கலக்காமல் அடைக்கிற தகடுதான் ஹெட் கேஸ்கெட். வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவில்லை. ரேடியேட்டரைத் திறக்கவில்லை. ஆயில் அளவு பார்க்கிற கம்பியைக்கூட உருவவில்லை.

ஹெட் இறங்கியது, லேத்துக்குப் போய் அடிப்பரப்பை மட்டமாக்கும் ஃபேஸிங் ஆனது, புதுக் கேஸ்கெட் ஏறியது. பெரிய செலவு. தை மாதம் மறுபடி மூடியைத் திறந்தால் அதே வெண்ணெய்.

அப்புறம்தான் கொரடாச்சேரிப் பக்கம் நாற்பது வருஷமாக டீசல் வண்டியும் டிராக்டரும் பார்க்கிற ஒரு அண்ணனிடம் போனேன். அவர் மூடியைக் கையில் வாங்கவே இல்லை. மூன்று கேள்வி கேட்டார். "ஆயில் லெவல் ஏறுதா தம்பி? கூலன்ட் குறையுதா? தினம் எவ்ளோ தூரம் ஓட்டுறீங்க?"

ஆயில் ஏறவில்லை. கூலன்ட் குறையவில்லை. ஓட்டுவது காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட இரண்டு கிலோமீட்டர், சாயங்காலம் அதே தூரம்.

"அப்படின்னா வண்டிக்கு ஒண்ணும் இல்ல. வண்டி சூடே ஆகல."

இந்த மூன்று கேள்வியை யாராவது எனக்கு கார்த்திகையிலேயே சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன். ஆயிலில் தண்ணீர் கலந்தால் வெளுப்பது எல்லா வண்டியிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அந்தத் தண்ணீர் வந்த வழிதான் வேறு வேறு. காவிரிப் படுகையில் அது மூன்று வழியில் வருகிறது: எரிபொருள் எரிந்து உண்டாகிற ஈரம், ரேடியேட்டர் தண்ணீர், வெளியே தேங்குகிற வெள்ளம். மூன்றும் ஒரே பருவத்தில் வருவதுதான் இங்கே குழப்பம். கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது 2018 நவம்பர் 16 அதிகாலை. சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டித் தீர்த்தது 2022 நவம்பர் 11–12. இரண்டும் ஐப்பசிக் கடைசி. ஈரக்காற்றும் அதே மாதத்தில்தான். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற வெளுத்த ஆயிலைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது.

முதலில், என் காருக்கு நேர்ந்தது. பெட்ரோல் எரியும்போது தண்ணீர் உண்டாகிறது என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர், ஆவியாக வெளியேறுகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் கீழே, ஆயில் இருக்கும் இடத்துக்கு இறங்கும். நம் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்று சொல்கிறார்களே, அந்தக் காற்றோடு இந்த ஆவியும் சேர்ந்தே போகிறது. புது என்ஜினிலும் சிறிதளவு உண்டு. என்ஜின் நன்றாகச் சூடாகிவிட்டால் இந்த ஆவி உள்ளே தங்காது. உள்ளே சேரும் காற்றை வெளியேற்றுகிற பிரீதர் ஹோஸ், பிசிவி வால்வு வழியாக, என்ஜின் காற்றை இழுக்கும் இன்டேக்குக்குப் போய், கடைசியில் சைலன்சர் வழியாக வெளியேறிவிடும். சூடாகாவிட்டால் குளிர்ந்த இடமாகப் பார்த்து ஒதுங்கும். என்ஜினிலேயே குளிர்ந்த இடம் மேல் மூடிதான். அங்கே வியர்த்து, தெறிக்கிற ஆயிலோடு கலந்து, வெண்ணெயாகத் திரள்கிறது.

இதில் பலரும் தவறவிடுகிற ஒரு விஷயம் உண்டு. டேஷ்போர்டில் முள் நடுவுக்கு வந்துவிட்டால் என்ஜின் சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம். அந்த முள் காட்டுவது கூலன்ட்டின் சூட்டை. ஆயில் அதற்கு வெகு பின்னால் வரும். பதினைந்து, இருபது நிமிஷம் ஓடினால்தான் ஈரத்தை விரட்டுகிற அளவுக்குச் சூடேறும். இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால் ஒவ்வொரு தடவையும் ஈரம் உள்ளே போகும், வெளியே வராது.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இதைக் கூட்டுகிறது. வண்டி ஒரு தடவை ஓவர் ஹீட் ஆனால் போதும், "நம்ம ஊரு சூட்டுக்கு இது எதுக்கு" என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். கூலன்ட் 82 டிகிரி, 88 டிகிரி என்று ஏறும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்துவைத்து என்ஜினைச் சீக்கிரம் சூடாக்குவது அந்த வால்வின் வேலை. அது இல்லாவிட்டால் மழைக்காலத்தில் என்ஜின் அரைச்சூட்டிலேயே ஓடிக்கொண்டிருக்கும். மைலேஜ் குறையும், ஆயிலில் ஈரம் சேரும். வெண்ணெய் படிகிற வண்டியைக் கொண்டுவந்தால் முதலில் வால்வு இருக்கிறதா என்று கேளுங்கள். அடுத்து பிரீதர் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள்; அதில் அடைப்பு இருந்தால் ஈரம் போக வழியே இல்லை.

இந்த வகைத் தண்ணீரை உறுதி செய்ய ஸ்பேனர்கூட வேண்டாம். மூடியைத் துணியால் சுத்தமாகத் துடைத்து மாட்டிவிட்டு, கும்பகோணமோ திருவாரூரோ, முப்பது நாற்பது கிலோமீட்டர் நிற்காமல் ஒரு நடை போய் வாருங்கள். வாரத்துக்கு ஒன்றாக இரண்டு மூன்று நடை. மூடி சுத்தமாக இருந்து, கம்பியில் ஆயில் தேன் நிறத்திலோ கறுப்பாகவோ தெளிவாக இருந்து, ஆயில், கூலன்ட் இரண்டு அளவும் நகராமல் இருந்தால் ஹெட்டைத் தொட வேண்டாம். ஆயிலை மட்டும் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் மாதக் கணக்கில் கொஞ்சம் முன்னாலேயே மாற்றிவிடுங்கள்.

சரி, கம்பியை உருவினால் அதிலேயே பால் காபி நிறம் என்றால்? மூடியில் வெளுப்பு இருப்பதும் கம்பியில் வெளுப்பு இருப்பதும் ஒன்றில்லை. கம்பி நுனி இருப்பது சம்ப்பில், என்ஜினின் மொத்த ஆயிலும் தங்கும் இடத்தில். அங்கே நிறம் மாறியிருக்கிறது என்றால் வந்த தண்ணீர் கொஞ்சநஞ்சம் இல்லை. பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க் சுழன்று சுழன்று, தயிர் கடைவதுபோல ஆயிலையும் தண்ணீரையும் கடைந்து பால்மமாக்கிவிட்டது.

அது ஏன் ஆபத்து என்றால், கிராங்க்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே ஆயில் படலம் ஒன்று தாங்கி நிற்கிறது. அதன் கனம் தலைமுடியைவிட மிகக் குறைவு. அந்த இடத்துக்கு ஒரு துளி தண்ணீர் வந்தால் சூட்டில் ஆவியாகிப் படலத்தை உடைத்துவிடும். உலோகம் உலோகத்தைத் தொடும். அதோடு ஆயிலில் கலந்திருக்கும் மருந்துச் சரக்கெல்லாம் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து போய்விடும். வந்தது கூலன்ட் என்றால் இன்னும் மோசம். அதிலுள்ள கிளைக்கால் ஆயிலோடு சேர்ந்து கெட்டிச் சேறாகி வடிகட்டியை அடைத்துவிடும். ஆகவே கம்பியில் வெளுப்பைப் பார்த்தால் வண்டியை ஓட்டி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். கட்டி இழுத்துப் போங்கள்.

வெளுப்பு தெரியாமல் அளவு மட்டும் ஏறியிருந்தால் உடனே தண்ணீர் என்று முடிவு கட்ட வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 டீசல் கார்களில், சைலன்சரில் உள்ள புகைவடிகட்டியை எரித்துச் சுத்தம் செய்ய என்ஜின் கூடுதலாக டீசலைத் தெளிக்கிறது. டவுனுக்குள்ளேயே ஓடும் வண்டியில் அந்த டீசலில் ஒரு பங்கு ஆயிலில் இறங்கிவிடும். அளவு ஏறும், நிறம் கறுப்பாகவே இருக்கும், விரலில் தேய்த்தால் நீர்த்திருக்கும், டீசல் வாசனை வரும். அதற்கு வைத்தியம் வேறு.

தண்ணீர்தானா என்று சந்தேகம் வந்தால் வீட்டிலேயே பார்க்க ஒரு வழி. வாசலில், வண்டிக்கும் பெட்ரோலுக்கும் தள்ளி, சமையலுக்கு ஆகாத பழைய தோசைக்கல் ஒன்றை அடுப்பில் வையுங்கள். தோசை வார்க்கிற சூடு போதும். புகை வர விடாதீர்கள். புட்டியில் எடுத்த ஆயிலை நன்றாகக் குலுக்கி ஒரே ஒரு சொட்டு விடுங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஆயில் சத்தமில்லாமல் பரவும். தண்ணீர் இருந்தால் கடுகு வெடிப்பதுபோல் படபடக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு தண்ணீர் இருந்தாலே இந்தச் சத்தம் கேட்டுவிடும். சின்னக் காரில் இருக்கிற நாலு லிட்டர் ஆயிலுக்கு அது ஒரு டீஸ்பூன்கூட இல்லை. ஒப்பிட்டுக்கொள்ள புது ஆயிலிலும் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. நெடுந்தூரம் ஓடி வந்த வண்டியில் தண்ணீர் ஆவியாகிப் போய், கிளைக்கால் மட்டும் தங்கியிருக்கலாம். அப்போது கல் சத்தம் போடாது. ஆகவே சத்தம் வரவில்லை என்பதை மட்டும் வைத்துக் கூலன்ட் இறங்கவில்லை என்று சொல்லிவிட முடியாது.

இன்னொன்று, இதைவிட எனக்குப் பிடித்தது. வண்டியை ஓர் இரவு அசைக்காமல் நிறுத்திவையுங்கள். தண்ணீர் கனம், ஆயில் லேசு. கலந்து போகாத தண்ணீர் சம்ப்பின் அடிக்கு இறங்கிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்யாமல், கீழே ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு டிரெய்ன் நட்டை மெதுவாக, சொட்டுச் சொட்டாக வரும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். முதலில் வருவது என்ன என்று பாருங்கள். பச்சையோ ரோஸோ வந்தால் கூலன்ட். நிறமில்லாமலோ சேற்று நிறத்திலோ வந்தால் வெளித்தண்ணீர், அல்லது ரேடியேட்டரில் கூலன்ட் இல்லாமல் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டி.

அந்த வெறும் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் வரை கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. வாயில் வைக்க முடியாத தண்ணீரைத்தான் ரேடியேட்டரில் ஊற்றுகிறோம். இப்போதைய கார்களில் ஹெட் அலுமினியம். உப்பு அதை உள்ளிருந்தே அரித்துப் புள்ளி புள்ளியாகக் குழியாக்கும். கேஸ்கெட் உட்காருகிற பரப்பு வரை அரிப்பு வரும். சுண்ணாம்பு படிந்து சூட்டை வெளியே விடாது. ஒரு தடவை ஓவர் ஹீட் ஆனால் ஹெட் லேசாக வளையும். ஹெட் கேஸ்கெட் போகிறது என்று சொல்வது பெரும்பாலும் இந்தக் கதையின் கடைசிப் பக்கம்தான். கூலன்ட் வாங்க முடியாத நேரத்தில் பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீராவது ஊற்றுங்கள்.

கூலன்ட் உள்ளே வருகிறது என்று தெரிந்தாலும் ஹெட் கேஸ்கெட் மட்டும்தான் வழி என்று நினைக்கக் கூடாது. ஆயிலைக் கூலன்ட்டால் ஆறவைக்கும் ஆயில் கூலர் இருக்கிற வண்டியில் அதுவும் ஒழுகலாம். ஹெட்டிலோ பிளாக்கிலோ கீறல் இருக்கலாம். டிராக்டர் மாதிரி ஈர லைனர் (வெளிப்பக்கம் கூலன்ட் நேராகத் தொடும் சிலிண்டர் குழாய்) போட்ட என்ஜினில் லைனருக்கு அடியில் உள்ள ஓ-ரிங் போயிருக்கலாம். இங்கே அழுத்தக் கணக்கு உதவும். என்ஜின் ஓடும்போது ஆயில் அழுத்தம் மூன்று நான்கு பார் வரை இருக்கும்; கூலன்ட் அழுத்தம் ரேடியேட்டர் மூடி அனுமதிக்கிற ஒரு பார் சுற்று வட்டாரம். ஆகவே ஆயில் கூலர் ஓட்டையானால் ஓடும்போது ஆயில்தான் கூலன்ட்டுக்குள் பாயும். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் மேலே ஆயில் மிதக்கும். என்ஜினை நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் உடனே பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். சூட்டில் கூலன்ட் அழுத்தம் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். அந்த இடைவெளியில் கூலன்ட் திரும்பி ஆயிலுக்குள் வரும். இரண்டு பக்கமும் வெளுத்திருந்தால் ஹெட்டுக்கு முன்னால் ஆயில் கூலரைக் கழற்றிப் பார்ப்பது புத்திசாலித்தனம். வேலையும் குறைவு.

கேஸ்கெட்டைச் சந்தேகித்தால் பார்க்க வேண்டியவை சில. என்ஜின் முழுக்க ஆறிய பிறகு மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஸ்டார்ட் செய்து பாருங்கள்; நிற்காமல் குமிழி வந்தால் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் போகிறது. ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிஷத்தில், சூடு ஏறுமுன்பே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லுபோல் இறுகிவிட்டாலும் அதே அர்த்தம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோல் சுத்தமாக இருந்தால் அந்தச் சிலிண்டரில் தண்ணீர் இறங்குகிறது. சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறதே என்றால், மார்கழிக் காலையில் எல்லா வண்டிக்கும் வரும். சில நிமிஷத்தில் நின்றுவிடும். நன்றாகச் சூடான பிறகும் நிற்காமல், லேசான தித்திப்பு வாசனையோடு வந்தால்தான் கவலை.

நல்ல ஒர்க்‌ஷாப்பில் இன்னும் இரண்டு கருவி இருக்கும். ஒன்று, ரேடியேட்டரில் காற்றை ஒரு பார் வரை அடித்து முள் இறங்குகிறதா என்று பார்க்கும் பம்ப். மற்றொன்று நீலத் திரவம் ஊற்றிய கண்ணாடிக் குழாய். ரேடியேட்டர் வாயில் வரும் காற்றை அதன் வழியே இழுத்தால், எரிந்த வாயு இருக்கும்பட்சத்தில் நீலம் பச்சையாகி மஞ்சளாகும். சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தைக் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்து, அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் குறைவாகக் காட்டினால் நடுவில் கேஸ்கெட் போயிருப்பது கிட்டத்தட்ட உறுதி. இவற்றில் ஒன்றைக்கூடச் செய்யாமல் ஹெட்டை இறக்கச் சொல்பவரிடம், "எதை வச்சு சொல்றீங்க?" என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. நான் கேட்கவில்லை. இன்னொன்றும் நினைவிருக்கட்டும். ஆயில் சுத்தமாக இருப்பதாலேயே கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்றாகிவிடாது. எரிந்த வாயு கூலன்ட்டுக்குப் போகிற மாதிரி மட்டும் கிழிந்திருந்தால் ஆயில் கடைசிவரை கறுப்பாகவே இருக்கும்.

மூன்றாவது, வெள்ளம். அந்த 2022 ஐப்பசியில் சீர்காழிப் பக்கம் இருக்கும் என் மச்சினன் விடியற்காலையில் போன் பண்ணினான். "அத்தான், கார் சீட்டு வரைக்கும் தண்ணி நிக்குது. ஒரு தடவை செல்ஃப் அடிச்சுப் பாக்கட்டா?" வேண்டாம் என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் எல்லாரும் எழுந்திருப்பார்கள்.

ஏன் கத்தினேன் என்பதற்கு ஒரு கணக்கு. 1,250 சிசி, நாலு சிலிண்டர் டீசல் என்றால் ஒரு சிலிண்டருக்குச் சுமார் 312 சிசி. கம்ப்ரஷன் விகிதம், அதாவது பிஸ்டன் அடியில் இருக்கும்போது உள்ள இடம் உச்சியில் மிஞ்சும் இடத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது, 17 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சுகிற இடம் வெறும் 20 மி.லி.தான். நாலு டீஸ்பூன். காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. நாலு டீஸ்பூனுக்குமேல் தண்ணீர் இறங்கிய சிலிண்டரில் பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராடு வளையும். பெட்ரோல் வண்டியில் இடம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. இன்ஷூரன்ஸிலும் இது வினையாகும். தண்ணீரில் நின்றதற்குக் காசு கொடுப்பவர்கள், தண்ணீரோடு ஸ்டார்ட் செய்து என்ஜின் உடைந்தால், என்ஜின் பாதுகாப்பு என்று தனியாக எடுத்த சேர்க்கை இல்லாவிட்டால் மறுப்பது வழக்கம். வண்டியை நகர்த்துமுன் தண்ணீர் மட்டம் தெரியப் போட்டோ எடுக்கச் சொன்னேன். பேட்டரி வயரைக் கழற்றச் சொன்னேன்.

தண்ணீர் வடிய மூன்று நாள் ஆனது. கொரடாச்சேரி அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்தார். நனைந்து சொதசொதவென்று இருந்தது. அப்புறம் வண்டிக்கடியில் படுத்து, டிரெய்ன் நட்டை விரலால் தாங்கிக்கொண்டே தளர்த்தினார். செம்மண் கலந்த தண்ணீர் கம்பி போல இறங்கியது. நான் ஆயில் வரும், ஆயில் வரும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அரை வாளி நிறையும் வரை தண்ணீர்தான். கடைசியில் நிறம் மாறி, கறுப்பாக, கெட்டியாக, சத்தமில்லாமல் ஆயில் விழுந்தது. அண்ணனுக்கு அதில் ஒரு திருப்தி. "கலக்கல தம்பி, தனியாவே இருக்கு. செல்ஃப் அடிச்சிருந்தா இது மோராயிருக்கும்."

இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு கிராங்க்கைக் கையால் சுற்றினார். இரண்டாவது சிலிண்டரிலிருந்து ஒரு பீச்சு தண்ணீர் வந்தது. எல்லாம் வெளியேறிய பிறகு புது ஃபில்டர், விலை குறைந்த ஆயில். ஐந்து நிமிஷம் ஐடிலில் ஓட்டி வடித்தார்; மோர் நிறம். மறுபடி ஊற்றி வடித்தார், கொஞ்சம் தெளிவு. மூன்றாவது தடவை கல்லில் சொட்டு விட்டுப் பார்த்தார். சத்தம் இல்லை. அப்புறம்தான் நல்ல ஆயில் ஊற்றினார்.

இவ்வளவும் பார்த்த நாங்கள் கியர் பாக்ஸை விட்டுவிட்டோம். சூடான கியர் பாக்ஸ் குளிர்ந்த தண்ணீரில் மூழ்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் துளை வழியாகவும் சீல் வழியாகவும் வெளித்தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். சேற்றுழவு ஓட்டுகிற டிராக்டர்களில் பின்பக்க ஆயில் வெளுப்பதைப் பார்த்திருக்கிற அண்ணனுக்கே இரண்டு வாரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. போன் பண்ணி, "உங்க மச்சான் வண்டிய இனி ஓட்ட வேணாம், கியர் ஆயில் பாக்கல" என்றார். சீர்காழிக்குப் போய்க் கீழ்நட்டைத் திறந்தோம். பால் காபி. அன்றைக்கே வடித்து, கழுவி, புது ஆயில் ஊற்றினோம். நட்டின் காந்தத்தில் துரு லேசாகத்தான் ஒட்டியிருந்தது.